மடி

குலசேகரம் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். வேலை பார்ப்பது மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில், கடலை ஒட்டிய ஊர் ஒன்றின் மேல்நிலைப் பள்ளியில். காலையில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே பஸ் ஏறி, தக்கலையில் இன்னொரு பஸ் மாறி, கடைசியில் மீன் வாசத்துக்குள் போய் இறங்குவேன். பதினாறு வருடமாக இதுதான் பாதை. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன்.

போன வருடம் செல் சவ்வு பாடம் நடத்தியபோது இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். "டீச்சர், சவ்வுல பெரிய ஓட்டை விழுந்தா செல்லு செத்துப்போகும்னு நேத்து சொன்னீங்க. இன்னைக்கு இவ்வளவு பெரிய புரதம் முழுசா உள்ள போகுதுன்னு சொல்றீங்க. ஓட்டை போடாம எப்படி டீச்சர் போகும்?"

நான் கரும்பலகையில் வழக்கமான படத்தை வரைந்தேன். சவ்வு குழிகிறது, குழி ஆழமாகிறது, பை ஆகிறது, உள்ளே போகிறது. அம்புக்குறி போட்டேன். எண்டோசைட்டோசிஸ் என்று பெயர் எழுதி அடிக்கோடிட்டேன். அவள் உட்கார்ந்துவிட்டாள், ஆனால் முகம் தெளியவில்லை. தெளியாததற்குக் காரணம் அவளில்லை. நானும் இதே படத்தைத்தான் படித்தேன், இதே அம்புக்குறியைத்தான் பரீட்சையில் வரைந்து மதிப்பெண் வாங்கினேன். அது எவ்வளவு பெரிய காரியம் என்று என் மண்டையில் ஏறியது ரொம்பப் பிந்தி, அதுவும் வீட்டில் நடந்த ஒரு சாவை முன்வைத்துத்தான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தப் பெண்ணின் கேள்வி. செல்லைச் சுற்றியிருப்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு. கனம் சுமார் 5 நானோமீட்டர். நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றின் கனம் வர வேண்டுமானால் 20,000 சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஆக்சிஜன் இதற்குள் தானாகவே புகுந்துவிடும். சோடியம், பொட்டாசியம், குளுக்கோஸ் எல்லாம் போய்வரப் புரதத்தாலான கதவுகள் உண்டு, ஒவ்வொரு கதவும் தனக்குரிய ஆளை மட்டுமே விடும். ஆனால் இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து திரியும் எல்டிஎல் துகளை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்களவு சுமார் 22 நானோமீட்டர், சவ்வின் கனத்தைப்போல நாலு மடங்குக்கும் மேல். அதை விடுகிற அளவுக்கு ஒரு வாசல் திறந்தால் அதன் வழியே சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும், பொட்டாசியம் வெளியே ஓடும், செல் உப்பிச் செத்துப்போகும். நம் உடம்பின் காவல் செல்கள் வைரஸ் புகுந்த செல்லைக் கொல்வதும் ஓட்டையில்தான் தொடங்குகிறது. பெர்ஃபோரின் என்ற புரதத்தை வைத்து அதன் சவ்வில் ஓட்டை போட்டு, அதன் வழியே செல்லைக் கொல்லும் நொதிகளை உள்ளே அனுப்புகின்றன. ஆகவே பெரியது உள்ளே வர வேண்டும், ஆனால் வாசல் ஒரு நொடிகூடத் திறக்கக்கூடாது. அவள் கேட்டது சரியான கேள்வி.

கடைசி பெஞ்சில் ஒரு பையன், அப்பா கடலுக்குப் போகிறவர், மெதுவாகச் சொன்னான்: "கரமடி மாதிரிதான டீச்சர்?"

கரைமடியைத்தான் அவர்கள் கரமடி என்பார்கள். கம்பாவலை என்றும் சொல்வார்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வள்ளத்தில் வலையை ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் அரைவட்டமாக வளைத்து இறக்குவார்கள். வலையின் இரண்டு முனைக் கயிறுகளும் கரையில் இருக்கும். கயிற்றுக்கொரு கூட்டமாகப் பிரிந்து நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் மணலில் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வரும். கடைசியில் இரண்டும் சேரும் நேரத்தில் கரையேறுவது வலையின் நடுவிலுள்ள பை. அதற்குப் பெயர் மடி. மீன் எல்லாம் அதற்குள் துள்ளிக்கொண்டிருக்கும்.

அன்று சாயந்திரம் பஸ்ஸில் அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டு போனேன். துணியை மடிக்கிறோம். வலையின் பை மடி. பசுவுக்கு இருப்பது மடி. பிள்ளை தூங்குவது மடியில். எங்கள் பாட்டி சேலை முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புளிச்சிக்காயும் கீரையும் பறித்துப் போட்டுக்கொண்டு வருவாளே, அதுவும் மடி. தட்டையாக இருந்த ஒன்று வளைந்து ஏந்திக்கொள்கிறது, அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்குள் இருப்பது. செல் செய்வதும் அவ்வளவுதான். சவ்வு எங்கேயும் கிழிவதில்லை, திறப்பதில்லை. வந்த பொருளை ஏந்திக்கொண்டு சவ்வே பையாக மடிகிறது, பையின் கழுத்து ஒட்டி மூடுகிறது, பை தனியே கழன்று உள்ளே போகிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன். அந்தப் பை செல்லுக்குள் எவ்வளவு தூரம் போனாலும் பையின் உள்பக்கம் இன்னும் வெளியுலகம்தான். பாட்டி மடியில் கீரையோடு அடுக்களைக்குள்ளேயே வந்துவிட்டாலும் கீரை தொட்டுக்கொண்டிருப்பது சேலையின் வெளிப்பக்கத்தைத்தான் இல்லையா, அதுபோல. அதனால்தான் செல் எதை வேண்டுமானாலும் துணிந்து ஏந்திக்கொள்கிறது. ஏந்தியது நல்லதா கெட்டதா என்று அப்புறம் பிரித்துக்கொள்ளலாம். செரிக்க வேண்டியதை லைசோசோம் என்ற அமிலப் பையோடு சேர்த்துவிடும். அந்த லைசோசோமை 1955ல் அடையாளம் காட்டிய கிறிஸ்டியன் டி டூவ்தான் 1963ல் எண்டோசைட்டோசிஸ், எக்ஸோசைட்டோசிஸ் என்ற இரண்டு பெயர்களையும் வைத்தார்.

பெயர் வைக்கும் முன்பே ஆட்கள் பார்த்துவிட்டார்கள். 1882ல் சிசிலித் தீவின் மெசினாவில் இலியா மெச்னிக்கோவ் கண்ணாடிபோல உடம்புள்ள நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றிச் செல்கள் வந்து குழுமி அதை விழுங்கப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த விழுங்கும் செல்கள் நம் உடம்பிலும் உண்டு. 120 நாள் ஓடி ஓய்ந்த சிவப்பணுக்களை அவைதான் விழுங்குகின்றன, ஒரு நாளைக்கு 10,000 கோடிக்கும் மேல். இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது கொசு. எங்கள் பக்கம் ரப்பர் தோட்டத்தில் சிரட்டை கவிழ்க்காமல் விட்டால் மழைத்தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு பெருகும், டெங்கு வரும் என்று சுகாதாரத் துறை வந்து சொல்லிவிட்டுப் போவது எல்லாருக்கும் தெரியும். அந்த ஏடிஸ் எஜிப்தி கொசுவின் முட்டையைத்தான் 1964ல் தாமஸ் ராத்தும் கீத் போர்ட்டரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பெண் கொசு இரத்தம் குடிக்கிறது. நம் இரத்தத்திலுள்ள புரதத்தைச் செரித்து, அதிலிருந்து முட்டைக்கான மஞ்சள் கருப் புரதத்தைத் தன் உடம்பில் தயார் செய்கிறது. அந்தப் பெரிய புரதம் முட்டைக்குள் போக வேண்டும். எப்படிப் போகிறது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. இரத்தம் குடிக்கும் முன்பும் பின்பும் முட்டையின் மேற்பரப்பைப் பார்த்தார்கள். குடித்த பின் மேற்பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் 15 மடங்கு கூடியிருந்தன. ஒவ்வொரு குழியும் 140 நானோமீட்டர். குழியின் மேல்பக்கத்தில் புரதம் படிந்திருந்தது. அடிப்பக்கத்தில், அதாவது செல்லுக்குள் இருக்கும் பக்கத்தில், தூரிகை மயிர்போல ஒரு பூச்சு. குழி கழன்று பையாகி உள்ளே வந்ததும் அந்தப் பூச்சு உதிர்ந்துவிடுகிறது. பைகள் ஒன்றோடொன்று சேர்ந்து மஞ்சள் கருவாகின்றன. நடப்பதை ஒவ்வொரு படியாக நிறுத்திப் பார்த்ததுபோல அத்தனையும் அவர்கள் படங்களில் இருந்தன. பூச்சு எதனால் ஆனது என்பது மட்டும் அப்போது தெரியவில்லை.

அதைக் கண்டுபிடித்தவர் கேம்பிரிட்ஜில் பார்பரா பியர்ஸ். பன்றி மூளையிலிருந்து அந்தப் பூச்சுப் பைகளைப் பிரித்தெடுத்து, அதன் முக்கியப் புரதத்துக்கு 1976ல் கிளாத்ரின் என்று பெயர் வைத்தார். கிளாத்ரினுக்கு மூன்று கால்கள், மூன்றும் ஒரே பக்கமாக வளைந்தவை. பல கிளாத்ரின்கள் காலோடு கால் பின்னிக்கொண்டால் அறுகோணமும் ஐங்கோணமுமாக ஒரு கூடு உருவாகிறது. அறுகோணம் மட்டும் இருந்தால் பாய்போலத் தட்டையாகவே கிடக்கும். ஐங்கோணம் நுழைந்தால்தான் வளையும், பந்தாக மூட வேண்டுமானால் சரியாக 12 ஐங்கோணங்கள் வேண்டும். வகுப்பில் இதற்கு எனக்குப் படமே தேவைப்படவில்லை. எங்கள் மாவட்டத்துக் கடற்கரைப் பையன்களுக்குக் கால்பந்தைப் பற்றி நான் என்ன சொல்வது? பழைய கறுப்பு வெள்ளைப் பந்து ஒன்றை விளையாட்டு அறையிலிருந்து எடுத்துவந்து கறுப்புக் கட்டங்களை எண்ணச் சொன்னேன். பன்னிரண்டு. பன்னிரண்டும் ஐங்கோணம்.

பை உருண்டாகிவிட்டது, ஆனால் கழுத்து இன்னும் சவ்வோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே பாட்டியின் இன்னொரு சொத்து ஞாபகம் வருகிறது. இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பை. வெற்றிலை, பாக்கு, நாலாக மடித்த பத்து ரூபாய் நோட்டு எல்லாம் அதற்குள் இருக்கும். இரண்டு பக்கமும் நூலைப் பிடித்து ஒரு இழு, வாய் குவிந்து மூடிவிடும். செல்லில் அந்த நூலுக்குப் பெயர் டைனமின். பையின் கழுத்தைச் சுற்றிச் சுருளாகச் சுற்றிக்கொண்டு இறுக்கும், கழுத்து அறுந்து பை விடுபடும். இது பழுதானால் என்ன ஆகும் என்பதை ஒரு பழ ஈ காட்டிக்கொடுத்தது. சிபிரே என்று அதற்குப் பெயர், ஜப்பானிய மொழியில் மரத்துப்போவதைக் குறிக்கும் சொல். சுமார் 29 டிகிரி வெப்பத்துக்குக் கொண்டுபோனால் அந்த ஈ அசையாமல் விழுந்துவிடும். குளிரவைத்தால் எழுந்து பறக்கும். சூட்டில் அதன் டைனமின் வேலை நிறுத்திவிடுகிறது. நரம்பு முனையில் பைகள் கழுத்தளவில் நின்றுபோய், செய்தி அனுப்பப் புதிய பை கிடைக்காமல் நரம்பு பேச்சிழந்துபோகிறது. ஒரு சுருக்குக் கயிறு இறுகவில்லை, அதனால் ஒரு உயிர் கீழே விழுகிறது.

(கிளாத்ரின் வழி மட்டும்தான் வழி என்று நினைத்துவிட வேண்டாம். பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சத்யஜித் மேயரின் குழு, கிளாத்ரினும் டைனமினும் இல்லாமலேயே செல் உள்ளிழுக்கும் வழியைக் காட்டியிருக்கிறது. நம் பிள்ளைகளில் யாராவது அங்கே போய்ச் சேர மாட்டார்களா என்று ஒவ்வொரு வருடமும் ஆசைப்படுகிறேன்.)

இனி என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சித்தப்பா ரப்பர் பால் வெட்டுத் தொழிலாளி. இருட்டோடு எழுந்து, தலையில் ஹெட்லைட் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விடுவார். வெயில் ஏறும் முன் முந்நூறு மரம் வெட்டி முடிப்பார். வெட்டி முடித்து, திரும்ப முதல் மரத்திலிருந்து பால் எடுத்து, வாளி சுமந்து வந்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, ஷீட் அடித்துக் காயப்போட்ட பிறகுதான் சாப்பாடு. ஒல்லியான மனிதர். தொப்பை என்று ஒன்று அவருக்கு இருந்ததே இல்லை. பீடி, சாராயம் எதுவும் கிடையாது. முப்பத்தொன்பதாவது வயதில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், வாளியோடு மரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால் நெஞ்சு எரிகிறது என்று போன இடத்தில் வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

சாவுக்கு வந்தவர்கள் தேங்காயெண்ணெயைச் சொன்னார்கள், மாட்டிறைச்சியைச் சொன்னார்கள். இரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டதாம், வாயைக் கட்டாததால் வந்ததாம். சித்திக்குத் தான் சமைத்துப் போட்ட சாப்பாடே எமனாகிவிட்டது என்ற எண்ணம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு பல வருடம் அவள் தேங்காய் அரைத்துக் குழம்பு வைக்கவே இல்லை. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சித்தப்பாவின் குதிகாலுக்கு மேலே, பின்பக்கத்து நரம்பு இரண்டு காலிலும் விரல் தடிமனுக்குப் புடைத்து, கெட்டியாக, முடிச்சு முடிச்சாக இருக்கும். மேட்டில் ஏறி இறங்குவதால் வந்தது என்று எல்லாரும் நினைத்தோம். சின்ன வயதில் நான் அதைத் தொட்டு விளையாடியிருக்கிறேன். அது கொலஸ்ட்ரால். தோலுக்கு அடியில் தசைநாணில் படிந்த கொலஸ்ட்ரால். எம்.எஸ்ஸி. படிக்கும்போது ஒரு பாடநூலில் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஒரு மனிதனின் இரண்டு குதிகால்கள், பின்பக்கமிருந்து எடுத்த படம். சித்தப்பாவின் கால் அப்படியே. நூலகத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த அத்தியாயம் மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டீன் என்ற இருவரைப் பற்றியது. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 1970களில் வேலையைத் தொடங்கியவர்கள், 1985ல் நோபல் வாங்கினார்கள். பரம்பரையாக மிக அதிகக் கொலஸ்ட்ரால் வரும் குடும்பங்களில் என்ன பழுது என்பதுதான் அவர்கள் தேடியது. செல்லின் மேற்பரப்பில் எல்டிஎல் துகளைப் பிடிக்கும் கை ஒன்று இருக்கிறது, ஏற்பி என்று பாடத்தில் வரும். அந்தக் கை எல்டிஎல்லைப் பிடித்துக்கொண்டு கிளாத்ரின் குழிக்குள் வந்து சேரும். குழி பையாகி உள்ளே போகும். பைக்குள் அமிலம் ஏறியதும் கை பிடியை விட்டுவிட்டு மேற்பரப்புக்குத் திரும்பிவிடும், சரக்கு லைசோசோமுக்குப் போகும். ஒரு சுற்றுக்குச் சுமார் பத்து நிமிடம். ஒரே கை தன் ஆயுளில் நூற்றுக்கும் மேற்பட்ட தடவை போய்வரும். ஒரு எல்டிஎல் துகளில் சுமார் 1,500 கொலஸ்ட்ரால் மூலக்கூறுகள் கொழுப்பமிலத்தோடு கட்டப்பட்டு அடைந்திருக்கும் என்றால் இந்தப் போக்குவரத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குடும்பங்களில் இந்தக் கை குறைவு, சிலருக்கு இல்லவே இல்லை, அல்லது பழுது. கல்லீரல் இரத்தத்திலிருந்து எல்டிஎல்லை எடுக்க முடியவில்லை, அது இரத்தத்திலேயே தேங்கி நாளத்தின் சுவரில் படிகிறது. ஒரு நோயாளியின் செல்கள் அவர்களைத் திகைக்க வைத்தன. கை இருந்தது, எல்டிஎல்லைப் பிடிக்கவும் செய்தது, ஆனால் சரக்கு உள்ளே போகவில்லை. பிறகு தெரிந்தது, 839 அமினோ அமிலங்கள் உள்ள அந்தப் புரதத்தில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது, டைரோசின் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டீன். அது செல்லுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வால் பகுதி. அந்த வாலைப் பார்த்துத்தான் குழி தன் சரக்கைச் சேர்க்கிறது. வால் மாறியதால் கை பிடித்த பிடியோடு மேற்பரப்பில் அலைந்துகொண்டே இருந்தது, மடிக்குள் வந்து சேரவே இல்லை.

சித்தப்பாவுக்கு எந்த இடத்தில் பழுது என்று இனித் தெரிய வழியில்லை. ஆனால் வாயைக் கட்டாததால் வந்ததில்லை என்பதை மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன். சாப்பாடு கொஞ்சம் கூட்டும் குறைக்கும். ஆனால் முப்பத்தொன்பது வயதில் ஒல்லியான ஒரு மனிதனை, குதிகாலில் அந்த முடிச்சோடு, மரத்தடியில் சாய்ப்பது பிறவியிலேயே வந்த பழுதுதான். அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து ஒரு பழுதான ஜீன் வந்தாலே போதும். ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. அப்படியானால் நான் வேலைக்குப் போகிற நெரிசலான இரண்டு பஸ்களில் சேர்த்து எத்தனை நாளைக்கு ஒருவர் என்னோடு பயணம் செய்திருப்பார்?

சித்தியிடம் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துச் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "அப்போ நான் வச்ச குழம்பு இல்லியா மக்களே?" என்று கேட்டாள். இல்லை சித்தி என்றேன். இன்னொரு தடவை கேட்டாள். இன்னொரு தடவையும் சொன்னேன்.

சித்தப்பா மகன், என் தம்பி, அவனும் பால் வெட்டுதான். அன்றைக்கு அவன் திண்ணையில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தான். குனிந்து அவன் குதிகாலைப் பிடித்துப் பார்த்தேன். கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டான். "என்னக்கா செய்யுத?" நான் பதில் சொல்லவில்லை. விரலுக்குத் தட்டுப்பட்டது. சின்னதாக, ஆனால் கெட்டியாக. அந்த வாரமே நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் கொடுத்தோம். மொத்தக் கொலஸ்ட்ரால் 372.

இப்போது அவன் ஸ்டாட்டின் மாத்திரை போடுகிறான். அந்த மாத்திரையின் கதையும் அழகானது. ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கடைசியில் கியோட்டோ நகரத்து அரிசிக் கடை ஒன்றில் எடுத்த அரிசியில் பிடித்திருந்த பூசணத்திலிருந்து 1973ல் முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். மாத்திரை கல்லீரல் செல் தானாகக் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைக்கிறது. உள்ளே பற்றாக்குறை வந்ததும் செல் என்ன செய்யும்? வெளியிலிருந்து எடுக்க இன்னும் அதிகக் கைகளைச் செய்து மேற்பரப்புக்கு அனுப்பும். தம்பிக்கு ஒரு ஜீன் பழுதென்றாலும் மற்றொன்று நல்லது. அந்த நல்ல ஜீனிலிருந்து வரும் கைகள் கூடுகின்றன. ஆக மாத்திரை நேராகப் போய்க் கொழுப்பைக் கரைப்பதில்லை. செல்லை அதிகமாக ஏந்தவைக்கிறது.

உள்ளே போவதைப் பற்றியே இவ்வளவு நேரம் சொன்னேன். வெளியே வருவதும் அதே வழிதான், தலைகீழாக. உள்ளிருந்து வரும் பை சவ்வைத் தொட்டு, அதோடு கலந்து, வெளிப்பக்கமாக விரிந்துவிடும். விரிந்த பை சவ்வாகிவிடும். இப்படித் திரும்பி வராவிட்டால் செல்லுக்குச் சவ்வே மிஞ்சாது. விழுங்கும் செல்கள் தங்கள் மேற்பரப்பு முழுவதையும் சுமார் அரை மணி நேரத்தில் உள்ளே மடித்துவிடுகின்றன. அதே அளவு சவ்வு அதே வேகத்தில் வெளியே திரும்ப வேண்டும். இன்சுலின் வெளியே வருவது இப்படித்தான், நரம்பு தசைக்குச் சொல்வது இப்படித்தான். பைக்கு வழி காட்டும் ஜீன்களை ராண்டி ஷெக்மன் தேடியது ஈஸ்டில். நாம் ஆப்ப மாவில் போடுகிற அதே ஈஸ்ட். சூடேற்றினால் பைகள் வெளியே போக முடியாமல் உள்ளே குவிந்துபோகும் ஈஸ்ட் வகைகளைப் பிரித்தெடுத்து, 1980 வாக்கில் 23 ஜீன்களைக் கண்டார். ஜேம்ஸ் ராத்மன், தாமஸ் சூடாஃப் ஆகியோரோடு 2013ல் நோபல் பரிசு.

ரப்பர் பால் இதற்கு விலக்கு. சித்தப்பா சொல்வார், "மாடு பால் தரும். மரம் தராது, நாமதான் கீறணும்." அவர் சொன்னது எவ்வளவு சரி என்று இப்போது தெரிகிறது. ரப்பர் மூலக்கூறு மிக நீளமானது. பட்டைக்குள் பால்குழாய்ச் செல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடுகின்றன, அவற்றுக்குள்தான் அது துகள்களாக மிதக்கிறது. அதைப் பையில் கட்டி வெளியே அனுப்பும் வேலையை மரம் செய்வதில்லை. நாம் பட்டையைக் கீறும்போது அந்தச் செல்களையே திறக்கிறோம். சிரட்டையில் வடிவது செல்லின் உள்ளீடுதான். விடியற்காலையில் செல்லுக்குள் அழுத்தம் அதிகம், அதனால்தான் இருட்டோடு போக வேண்டியிருக்கிறது.

மாட்டுப் பால் அப்படியில்லை. பாலின் கேசீன் புரதம் பைகளில் வந்து வெளியே கொட்டுகிறது. கொழுப்புக்கு இன்னொரு வழி. சுமார் 4 மைக்ரோமீட்டர் அளவுள்ள கொழுப்புத் துளி செல்லின் விளிம்புக்கு வந்து சவ்வைத் தள்ளுகிறது. சவ்வு அதை முழுவதும் சுற்றிப் போர்த்திக்கொண்டு துளியோடு சேர்ந்தே கழன்று வந்துவிடுகிறது. கறந்த பாலில் ஒவ்வொரு கொழுப்புத் துளியும் பசுவின் செல் சவ்வைப் போர்த்தியபடிதான் இருக்கிறது. அதனால்தான் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பால் பாலாக இருக்கிறது. பாட்டி விடியற்காலையில் தயிரில் மத்தைப் போட்டுக் கடைவாள். முதலில் சத்தம் மெல்லியதாக இருக்கும், பிறகு ஒரு கட்டத்தில் கனத்துவிடும். "திரண்டாச்சு" என்பாள். அந்த நேரத்தில் உடைவது அந்தப் போர்வைதான். போர்வை கிழிந்த கொழுப்பு ஒன்றுசேர்ந்து வெண்ணெயாகிறது, கிழிந்த சவ்வில் பெரும்பகுதி மோரோடு போய்விடுகிறது.

தம்பிக்கு இருந்தால் அவன் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. மகளுக்கு ஒன்பது வயது. தம்பி ரொம்ப நாள் தள்ளிப்போட்டான். பிள்ளைக்கு ஊசி குத்த வேண்டாம் என்று சொன்னான், ஆனால் பயந்தது ஊசிக்கில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். போன ஆகஸ்டில் ஒருவழியாகக் கூட்டிக்கொண்டு போனோம். எல்டிஎல் மட்டும் 214. டாக்டர் நிதானமாகப் பேசினார். இந்த வயதிலேயே மாத்திரை தொடங்கலாம், குழந்தைகளுக்குக் கொடுப்பதுண்டு, நாள் கணக்கு பார்த்து இரத்தம் பார்த்துக்கொள்வோம் என்றார். சித்தப்பாவுக்கு இப்படி ஒரு அறையில் உட்கார வாய்க்கவில்லை.

திரும்பி வந்த அன்று தோட்டத்தில் ரப்பர் காய் வெடிக்கும் காலம். ஒவ்வொன்றும் பட்டாசுபோல வெடித்து விதை தெறித்துக்கொண்டிருந்தது. அவள் விதை பொறுக்க ஓடினாள், நான் பின்னால் போனேன். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன், கை, குழி, பை என்று. கேட்டுக்கொண்டே பொறுக்கினாள்.

"எனக்கு எத்தனை கை இருக்கு அத்தை?"

"மத்தவங்களுக்கு இருக்கிறதில பாதி."

"மாத்திரை போட்டா?"

"அந்தப் பாதி கூடும்."

கொஞ்சம் யோசித்தாள். பாவாடையை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டு அடுத்த மரத்தடிக்குப் போனாள்.